ஏழாம் நம்பர் ஓட்டுநர்

ஞாயிற்றுக்கிழமை காலை சபாபதியும் மகள் குமுதாவும் வாசல் கேட்டின் பேட்டரியை மாற்றினார்கள். மழைக்குக் கரண்ட் போனால் ஆட்டோகேட் பாதியில் நின்றுவிடும். சபாபதி லோரிக்குக் கிளம்பும் நேரத்தில் அதைத் தோளால் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது.

"ஆளக் கூப்பிட்டா நாளைக்கு வரேம்பான், அப்புறம் நாளான்னைக்கும்பான். வீட்டுல எஞ்சினியர வச்சிக்கிட்டு ஆளு எதுக்கு?" என்றார்.

குமுதா மல்டிமீட்டரை எடுத்துவந்தாள். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச்சைப் பிடித்தார்.

"வெளிச்சம் ஆடுதுப்பா."

"கையி ஆடுது. அம்பத்தொம்போது வயசுக்கு ஆடாதா?"

"வாட்ச் ஏன் வலது கையில?"

"இந்தக் கையில ஸ்ட்ராப் கடிக்குது. நீ வேலையப் பாரு புள்ள."

அவள் வேலையைப் பார்த்தாள். பழைய பேட்டரியைக் கழற்றி, புதியதை மாட்டி, வோல்ட்டைச் சரிபார்த்தாள். அவர் ரிமோட்டை வாங்கி கேட்டை மூன்று தடவை திறந்து மூடினார். நாலாவது தடவைக்கு உள்ளிருந்து அவர் மனைவி சீதாலெட்சுமி சத்தம் போட்டாள்: "போதும்! அந்த பேட்டரியையும் இன்னைக்கே தீத்துருங்க!"

அதற்கடுத்த வியாழக்கிழமை அவர் இறந்துபோனார்.

போர்ட் கிள்ளானில், காலிக் கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கும் டெப்போ வரிசையில் அவருடைய லோரி நின்றிருந்தது. மதியம் இரண்டு மணி. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. வரிசை நகர்ந்தும் அந்த லோரி மட்டும் நகரவில்லை. பின்னாலிருந்த டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டு, தூங்குகிறார் என்று நினைத்து, திட்டிக்கொண்டே இறங்கி வந்து கதவைத் திறந்தான். சபாபதி ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

மாலைவரை இருந்தார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். கட்டி இதயத்திலிருந்து கிளம்பியிருக்கலாம் என்றார். பிறகு குமுதாவைப் பார்த்துக் கேட்டார்: "இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம இருக்குன்னு முன்னாடி எங்கயாவது தெரிஞ்சிருக்கா? எந்த ரிப்போர்ட்லயாவது?"

"இல்ல டாக்டர். அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் குமுதா. யோசிக்காமல் சொன்னாள். ஒன்பது நாள் அந்தப் பதில் உண்மையாகவே இருந்தது.

சபாபதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்று அவரே சொல்லுவார். பதினேழு வயதில் லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு எடுபிடியாக, ஏறினார். இருபத்து நாலில் பெரிய லைசென்ஸ் எடுத்தார். அதன்பின் முப்பத்தைந்து வருடம் துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஓட்டினார். வேகமாக ஓட்டியதில்லை. லோரிக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். கேன்டீனில் உட்கார்ந்தால் கடைசியில் எழுபவர் அவர்தான். பேச ஆள் இருந்தால் வரிசையில் தன் முறையைக்கூட விட்டுக்கொடுப்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த வாய்தான் குமுதாவுக்கு உதவியது. அவள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. மாணவர் தொழில்முனைவோர் போட்டியில் சேர்ந்திருந்தாள். எந்த டெப்போவில் எவ்வளவு வரிசை என்று டிரைவர்களுக்குக் காட்டும் செயலி அவளுடைய யோசனை. முதல் சுற்றில் நடுவர் ஒரே கேள்விதான் கேட்டார்: எத்தனை டிரைவர்களிடம் பேசினாய்? ஒருவரிடமும் பேசவில்லை. ஐம்பது பேரிடம் பேசிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அவள் டெப்போவுக்குப் போய் வெயிலில் நின்றாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சபாபதி தாள்களை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் நாற்பத்து மூன்று தாள்களோடு திரும்பினார். பாதித் தாள்களில் எண்ணெய்க் கறை. ஒன்றில் சம்பல் ஒட்டியிருந்தது.

"எப்படிப்பா?"

"எம் மவ கேக்குறான்னு சொல்லல. சொன்னா எல்லாத்தையும் நல்லா இருக்குன்னு எழுதிருவானுங்க. 'ஒரு பொண்ணு கேக்குது, மனசுல உள்ளத எழுதுங்கடா'ன்னேன்."

அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. செயலி ஒரு வருடத்தில் செத்துப்போனது. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "மூணாவது பரிசுக்கும் மேடையேத்துனாங்கல்ல? ஏறுனல்ல? போதும்."

அதற்குப் பிறகு வருடா வருடம் மாணவர்கள் அந்த டெப்போவுக்கு வர ஆரம்பித்தார்கள். லோரி சம்பந்தமாக எந்த யோசனை வந்தாலும், கேன்டீனில் ஒரு அங்கிள் இருக்கிறார், அவரிடம் பேசுங்கள் என்று முந்திய வருடத்து மாணவர்கள் சொல்லி அனுப்புவார்கள். டயர் காற்று பார்க்கும் கருவி, கொள்கலன் பூட்டு, சாப்பாட்டை லோரிக்கே கொண்டுவரும் செயலி எல்லாம் அவர் முன்னால் வந்துபோயின. மற்ற டிரைவர்கள் அவருக்குச் 'சர்வே சபா' என்று பேர் வைத்தார்கள். ஒரு முறை ஒரு மாணவன், "அங்கிள், உங்க மெயின் பெய்ன் பாயிண்ட் என்ன?" என்று கேட்டிருக்கிறான். "இடுப்புதான்யா, வேற என்ன?" என்றாராம். கேன்டீன் வீரம்மா சிரித்ததில் டீ கொட்டிவிட்டதாம். இந்தக் கதையை வீட்டில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"உங்களுக்கு இதுல என்னப்பா கெடைக்குது?" என்று குமுதா ஒரு தடவை கேட்டாள்.

"நான் பேசுறத ஒருத்தன் குறிச்சிக்கிறான். முப்பது வருசமா எவன் குறிச்சான்?"

குமுதா இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். சென்சார் பலகைகளில் நல்லது எது, கெட்டது எது என்று பிரிப்பது அவள் வேலை. கெட்டதைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் தூக்கி எறிபவள் என்று அங்கே அவளுக்குப் பெயர். போன வருடத்திலிருந்து, தான் படித்த பல்கலைக்கழகத்தின் அதே போட்டியில் வழிகாட்டியாக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் வீடியோவில் குழுக்களோடு பேசுவாள். இந்த வருடம் அவளுக்குக் கிடைத்த குழுவின் பெயர் 'ஜாகா', மலாயில் காவல். அவர்கள் செய்வது டிரைவரின் மணிக்கட்டில் கட்டும் பட்டை. நாடித்துடிப்பைப் பார்த்து, தூக்கம் வருகிறது என்று தெரிந்தால் அதிரும். ராஜினி, லோகன் என்று இரண்டு பேர். கெட்டிக்காரப் பிள்ளைகள். பதினான்கு டிரைவர்களிடம் பட்டையைக் கொடுத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். டிரைவர்களின் பெயர் வழிகாட்டிக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அவளுக்கு வந்த கோப்பில் ஒன்று முதல் பதினான்கு வரை நம்பர்கள் மட்டும்தான் இருந்தன.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, யாரோ கேட்டுக்கு வெளியே நிற்பது தெரிந்தது. குமுதா கதவைத் திறந்தாள். ராஜினியும் லோகனும் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நின்றார்கள்.



"குமுதா அக்கா," என்றாள் ராஜினி, "நீங்க இங்க?"

"இது என் வீடு. நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"நாங்க சபா அங்கிள் வீட்டுக்கு..." என்று லோகன் ஆரம்பித்தான். உள்ளே சுவரில் மாலை போட்டிருந்த படம் அவன் கண்ணில் பட்டது.

துக்க வீட்டில் 'வாங்க' என்று அழைக்கக்கூடாது. குமுதா கதவை அகலத் திறந்துவிட்டு விலகி நின்றாள்.

வழிகாட்டி விடுப்பில் இருக்கிறார் என்று மட்டும்தான் ஏற்பாட்டாளர்கள் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அங்கிள் இறந்துபோன செய்தி அவர்களுக்கு முந்தின நாள்தான் வீரம்மாவிடமிருந்து கிடைத்திருக்கிறது. விலாசத்தையும் அவர்தான் கொடுத்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோமுட்டர் ரயில் பிடித்து வந்திருந்தார்கள். சீதாலெட்சுமி யார் என்று கேட்கவில்லை. மூன்று டம்ளரில் பாலில்லாத வரத்தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நாளைக்குத்தானே உங்களுக்கு ஃபைனல்?" என்றாள் குமுதா.

ராஜினி தலையாட்டினாள். உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். "அங்கிள்தான்க்கா எல்லா டிரைவரையும் பிடிச்சிக் குடுத்தாரு. கடைசில பார்த்தா எங்க ஸ்லைட்ல அவரே இல்ல. அவரு டேட்டாவ எடுத்துட்டோம். நேத்துலேர்ந்து மனசே கேக்கல."

"எந்த டேட்டா?"

"ஏழாம் நம்பர்."

குமுதா டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

ஏழாம் நம்பரை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி, முந்தியதைவிட இருபது சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்தத் துடிப்பை நீக்கிவிட வேண்டும். கை அசைந்தால் சென்சார் உளறும். அந்த உளறலை வடிகட்டத்தான் இந்த விதி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்க வேண்டிவந்தால் அந்த ஆளையே நீக்க வேண்டும். இந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். ஏழாம் நம்பரில் நூற்றுக்கு நாற்பத்தொன்று போய்விட்டது. அவளே கோப்பின் ஓரத்தில் குறிப்பு எழுதினாள்.

கேட்டுக்குப் பேட்டரி மாற்றியதற்கு முதல்நாள், சனிக்கிழமை எழுதினாள்.

"லோகன், லேப்டாப் இருக்கா?"

"இருக்குக்கா."

"வடிகட்டாத ஃபைல் இருக்கா? அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கல. தனியா வச்சிருக்கேன்."

"தெற."

மேசையில் வைத்துத் திறந்தான். ஏழாம் நம்பர் வரிசைக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டத்தில் அவளுடைய எழுத்து இருந்தது: 'சென்சார் கோளாறு. நீக்கவும். டெமோ சுத்தமாக இருக்க வேண்டும். கு.ச.'

அவள் எண்களைப் பார்த்தாள். 612. 940. 488. 1103. 570. எல்லாம் மில்லிவினாடி. ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. பட்டையிலேயே அசைவைப் பதியும் சென்சாரும் இருக்கிறது. அதன் வரிசையை அன்றைக்கு அவள் கேட்கவில்லை. இப்போது கேட்டாள். லோகன் திறந்தான். நேர்கோடு. லோரி டெப்போ வரிசையில் நின்றிருக்கிறது. கை மடியில் கிடந்திருக்கிறது. கை அசையாமல் இருந்தபோதும் எண்கள் அப்படியேதான் குதித்தன.

கை அசையவில்லை என்றால் உளறியது சென்சார் இல்லை.

மூன்று வாரம். ஒவ்வொரு நாளும். இறந்த நாள் பகல் ஒன்று ஐம்பதுவரைக்கும் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த வரிகளை அவள் பார்க்கவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். டாக்டருக்குச் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. ரிப்போர்ட் இருந்தது. அவள் கையிலேயே இருந்தது. வலது கைக்கு ஏன் வாட்ச் போனது என்பதும் இப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை வீட்டில் யாரும் இன்னும் பிரிக்கவில்லை, இடது கைப் பட்டை அதில்தான் இருக்கும்.

"நான்தான் மென்டார்னு அவருக்குத் தெரியுமா?"

ராஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டிரைவருங்களுக்குக் குடுக்கற தாள்ல உங்க பேரு இருக்குக்கா. அங்கிள் அத ரொம்ப நேரம் படிச்சாரு. அப்புறம் 'இந்த மென்டார் எப்படி?'ன்னு கேட்டாரு. 'ரொம்ப ஸ்ட்ரிக்ட் அங்கிள், ஒரு கோடு வளைஞ்சாலும் விடமாட்டாங்க'ன்னேன். சிரிச்சாரு. 'அப்படித்தான் இருக்கணும்'னாரு."

அந்தத் தாளின் கடைசி வரியை குமுதா அறிவாள். குழுவினர், வழிகாட்டிகள் ஆகியோரின் குடும்பத்தார் சோதனையில் பங்கெடுக்கக் கூடாது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சொன்னால் அவரை எடுத்துவிடுவார்கள். அவர் போனால் மற்ற பதின்மூன்று பேரும் பட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஃபைனல் போய்விடும். மகளுக்கும் கெட்ட பெயர். இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். வீட்டுக்கு வரும்போது பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

"நீங்க எடுக்கச் சொன்னப்புறம், பட்டை கெட்டுப்போச்சு, வேற மாத்தித் தரோம்னு திங்கக்கெழம மெசேஜ் போட்டேன்," என்றாள் ராஜினி. "செவ்வாக்கெழம அங்கிள் வாய்ஸ் அனுப்பினாரு. போடவாக்கா?"

குமுதா தலையாட்டினாள்.

லோரி எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ராஜினிம்மா, மெசேஜ் பார்த்தேன். எனக்கென்னவோ பட்டை நல்லாத்தான் இருக்குற மாதிரி தெரியுது. ரெண்டு நாளா லேசா தல சுத்துது, வெயிலு. டாக்டருகிட்ட போனா லைசென்ஸ புடுங்கிருவானுங்க, அதனால போகல. அது கெடக்கட்டும். உங்க மென்டார் கெட்டுப்போச்சுன்னு சொன்னா கெட்டுத்தான் போயிருக்கும். அதுக்கு எல்லாம் தெரியும். நம்ம அய்யாவு பட்டையும் அதே மாதிரின்னு சொன்னீங்கல்ல? அவன் பின்னாடியும் நான்தான் அலையணும். சனிக்கெழம அவனையும் இழுத்துக்கிட்டு வரேன். நல்லா சாப்பிடுங்க ரெண்டு பேரும்."

சீதாலெட்சுமி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. "இன்னொரு தடவ போடும்மா" என்றாள்.

ராஜினி போட்டாள். குமுதாவுக்கு இரண்டாவது தடவை ஒரே ஒரு சொல்தான் கேட்டது.

"அய்யாவு எந்த நம்பர்?"

"பதினொன்னு," என்றான் லோகன். "அங்கிள் போன சனிக்கெழம வரல. நேத்து நாங்க டெப்போவுக்குப் போனப்ப அய்யாவு அங்கிள் ஜொகூர் டிரிப். இன்னும் அந்தப் பட்டையத்தான் கட்டியிருக்காரு."

"பதினொன்னத் தெற."

நூற்றுக்கு முப்பத்தாறு. பக்கத்தில் அதே மஞ்சள் கட்டம், அதே எழுத்து. அசைவு வரிசையையும் திறக்கச் சொன்னாள். சில இடங்களில் கை அசைந்திருந்தது. சில இடங்களில் அசையவில்லை. அங்கேயும் எண்கள் குதித்தன. அப்பாவுடையதைப் போல இல்லை. அப்பாவுடையதைப் போல இல்லாமலும் இல்லை. பட்டை நிஜமாகவே கெட்டிருக்கலாம். வேறு யாராவது கேட்டிருந்தால், பத்து நாளைக்கு முன்னால், அவள் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். இப்போது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அய்யாவு பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர். சுடுகாட்டுப் படியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் துக்கம் என்று நினைத்தார்கள்.

"அக்கா, நாளைக்கு ஸ்லைட்ல என்ன பண்றது?" என்றாள் ராஜினி.

"ரெண்டு நம்பரையும் திரும்பப் போடு. எதுக்கு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. மென்டார் எடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. ஏழாம் நம்பர் மென்டாரோட அப்பான்னும் சொல்லு."

"அப்படிச் சொன்னா எங்களத் தள்ளிருவாங்கக்கா" என்றான் லோகன்.

"தள்ளலாம். நானும் எழுதிக் குடுக்கிறேன். தப்பு உங்களோடது இல்லன்னு."

லோகன் ராஜினியைப் பார்த்தான். ராஜினி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஏழாம் வரியைப் பிடித்து, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு பதினொன்றை.

குமுதா கார் சாவியை எடுத்தாள்.

"பதினாறு கழியாம எங்க போற?" என்றாள் சீதாலெட்சுமி.

"அப்பா சனிக்கெழம செய்யறேன்னு சொன்ன வேலைம்மா."

சீதாலெட்சுமி வழியை விட்டு நகர்ந்தாள்.

காரில் உட்கார்ந்து அய்யாவுக்குப் போன் செய்தாள். ஆறாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் ஹார்ன் சத்தம்.

"அங்கிள், குமுதா பேசறேன். எங்க இருக்கீங்க?"

"டெப்போ வரிசையிலதாம்மா. ஜொகூர்லேருந்து இப்பதான் வந்தேன். முன்னாடி ஏழு லோரி நிக்குது. என்னம்மா, வீட்டுல ஏதும் ஒத்தாசை வேணுமா?"

"அந்தப் பட்டை கையிலயா இருக்கு?"

"இருக்கும்மா. அண்ணன் மாத்தணும்னு சொன்னாரு. சனிக்கெழம வாடா வாடான்னு பிச்சி எடுத்தாரு. பாவம், அவரே போயிட்டாரு. கெட்டுப்போச்சாம்ல?"

"தெரியல அங்கிள்."

"நீ எஞ்சினியரு, உனக்கே தெரியலயா?"

"தெரியல. அதான் வரேன். கிளினிக்குப் போயி ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்போம்."

"அதெல்லாம் வேணாம்மா. லைசென்ஸு..."

"வரிசைய விட்டு வெளிய வாங்க அங்கிள். லோரிய ஓரங்கட்டிட்டு எறங்கி நில்லுங்க. நான் இருபது நிமிசத்துல அங்க இருப்பேன்."

"முன்னாடி ஏழு லோரிதாம்மா இருக்கு. எறக்கிட்டு வந்துடறேனே லா?"

"இல்ல அங்கிள். இப்பவே எறங்குங்க" என்றாள். கேட் முழுதாகத் திறப்பதற்குள் காரைப் பின்னுக்கு எடுத்துவிட்டாள்.